குடும்ப வன்முறை: களப்பணியாளர் பயிற்சி (இந்தியா)

வீட்டுக்குள் அடியும் வசவும் வாங்கும் பெண்கள் முதலில் அணுகக்கூடிய சமூகப் பணியாளர், செவிலியர், தன்னார்வலர் ஆகியோருக்கு அளிக்கப்படும் பயிற்சி. இந்தியாவில் இது 1980களின் பெண்கள் இயக்கத்திலிருந்து கிளைத்தது. வரதட்சணைச் சாவுகளுக்கு எதிரான போராட்டங்களின் விளைவாக 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில், கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கும் 498அ பிரிவு சேர்ந்தது. ஆனாலும் காவல் நிலையத்தில் “அனுசரிச்சுப் போம்மா” என்ற பதில் மாறிவிடவில்லை.

1984இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலேயே ஒரு சிறப்புப் பிரிவைத் தொடங்கிச் சமூகப் பணியாளர்களை அமர்த்தியது. காவல் துறை வளாகத்தில் உட்கார்ந்தாலும் அவர்கள் போலீஸ் அல்லர். ஏற்பாட்டின் பலமே அதுதான். குஜராத்தில் மகிளா சமாக்யா என்ற அரசின் பெண் கல்வித் திட்டத்தின் கீழ் 1995இல் உருவான நாரி அதாலத் (பெண்கள் நீதிமன்றம்) வேறு வழியில் போனது. அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்களே சட்டம் கற்று, ஊரறிய வழக்குகளைப் பேசித் தீர்த்தார்கள்.

2000இல் பாந்த்ராவின் பாபா மாநகராட்சி மருத்துவமனையில் மும்பை மாநகராட்சியும் செஹாத் என்ற சுகாதார ஆய்வு அமைப்பும் சேர்ந்து ‘திலாசா’ மையத்தைத் தொடங்கின. விஷம் குடித்தவள், மாடிப்படியில் விழுந்தவள் என்றே பதிவேட்டில் ஏறிய பெண்களின் உண்மைக் கதையைக் கேட்க ஊழியர்கள் அங்கே பழகினார்கள். கூட வந்த கணவரையும் மாமியாரையும் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்புவது, காயமும் சொல்லும் காரணமும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது, பிறகு தனியாகக் கேட்பது. எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டியிருக்கிறது. புத்தி சொல்லும் பழக்கம் லேசில் விடுவதில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியும், அவர் நிரப்ப வேண்டிய சம்பவ அறிக்கைப் படிவமும் அதோடு வந்தன. அடி உதை மட்டுமல்ல, மருந்துக்குக் காசு தராதது, வேலைக்குப் போகவிடாதது, வீட்டைவிட்டு விரட்டுவது எல்லாம் அந்தப் படிவத்தில் வன்முறையே. அதனால் சட்ட விவரங்களும் பயிற்சியில் இடம்பிடித்தன. பல மாநிலங்களில் இந்தப் பதவியை வேறு அலுவலர்களின் கூடுதல் பொறுப்பாக்கியது சட்டத்தின் கையைக் கட்டிப்போட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கையேடு முதல் உதவியை ஐந்து படிகளாக வகுத்தது: செவிகொடுத்தல், தேவையை விசாரித்தல், சொன்னதை நம்புவதாக உணர்த்துதல், பாதுகாப்புக்கு வழிசெய்தல், தொடர் உதவிகளோடு இணைத்தல். திடீரென வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் உதவும் என்று ரேஷன் அட்டை நகலை நம்பகமான பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்வதும் பாதுகாப்பில் அடக்கம்.

தாராவியில் ‘ஸ்நேஹா’ அமைப்பின் தன்னார்வலர்களான ‘சங்கினி’கள் அந்தப் பகுதியிலேயே வசிப்பவர்கள். அடித்தவனின் கோபம் அவர்கள் வாசலுக்கும் வரலாம். ஆகவே எங்கே தனியாகப் போகக்கூடாது, எப்போது ஆலோசகரிடமோ போலீசிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பதும் இவ்வகைப் பணியில் கற்க வேண்டிய பாடம்.