கைத்துப்பாக்கியின் உதைப்பும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறும்

பீரங்கி என்னும் சொல் பறங்கியரை நினைவூட்டுவது. துப்பாக்கி என்பது துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய சொல்லின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. மலாய் மொழியில் வழங்கும் 'செனாப்பாங்' ஒல்லாந்தரின் சொல்லிலிருந்து பிறந்தது. கருவிகள் கடல் கடந்து வந்தபோது பெயர்களும் உடன் வந்தன. ஆயினும் சுடுங்கால் அக்கருவி சுடுபவனையே திருப்பித் தாக்கும் செய்கைக்குத் தமிழர் எவரிடமும் சொல் கடன் வாங்கவில்லை. மாட்டுக்கும் கழுதைக்கும் சொல்லிவந்த 'உதைத்தல்' என்னும் சொல்லையே துப்பாக்கிக்கும் வழங்கிவிட்டனர். பாடநூல்களில் 'பின்னியக்கம்' என்று எழுதப்படினும், கையில் பிடித்துப் பார்த்தவன் வாயில் வருவது உதைப்பு என்னும் சொல்லே ஆகும்.

இவ்வுதைப்பை அடக்குவதற்குக் கருவி செய்தோர் பட்ட பாட்டை வெறும் பொறியியல் கதையென்று தள்ளிவிடலாகாது. எவன் கையில் கருவி இருக்க வேண்டும், அவன் எத்தனை நாள் பழகியவனாய் இருக்க வேண்டும் என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. கிள்ளான் ஆற்றங்கரையில் தொடங்கிக் கோலாலம்பூரின் புடு சிறைவரை அக்கதை செல்கின்றது.

1867 முதல் 1874 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரைக் கிள்ளான் போர் என்றும் கூறுவர். ராஜா அப்துல்லா 1857இல் கிள்ளானில் கட்டிய கிடங்கு இன்றும் நிற்கின்றது; வெள்ளீயமும் உணவுப் பொருளும் படைக்கலமும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. ராஜா மஹ்டி ஒரு பக்கமும் தெங்கு கூடின் மறு பக்கமுமாக நின்ற அப்போரில் மலாய் நாட்டுக்கே உரிய 'லேலா' என்னும் சிறு பித்தளைப் பீரங்கியும் பங்கு பெற்றது. அதைச் சக்கர வண்டியில் ஏற்றுவதில்லை. கவை போன்ற இரும்பு முளையில் பொருத்திப் படகின் விளிம்பிலோ கோட்டைச் சுவரிலோ ஊன்றிவிடுவர். சுடுபவன் வால்போல் நீண்ட பிடியைப் பற்றிக் குறிபார்ப்பான். உதைப்பைப் படகும் சுவரும் வாங்கிக்கொள்ளும். மனித உடல் தாங்க வேண்டிய அடியை மரத்துக்கும் மண்ணுக்கும் மாற்றிவிட்ட இவ்வமைப்பில் நல்ல அறிவு இருக்கின்றது. அப்போரில் தெங்கு கூடின் அமர்த்திய இந்தியச் சிப்பாய்களும் போரிட்டனர். 1872இல் புக்கிட் நானாஸ் குன்றில் முற்றுகையிடப்பட்டுத் தப்பியோட முயன்ற அவர்களுள் மிகப் பலர் மாண்டனர்.

கைத்துப்பாக்கிக்குப் படகுமில்லை, சுவருமில்லை. நீண்ட துப்பாக்கிக்குத் தோளாவது உண்டு. இதற்கு மணிக்கட்டே எல்லாம்.

நியூட்டன் கூறிய மூன்றாம் விதியை ஆசிரியர்கள் நாள்தோறும் வகுப்பில் விளக்குகின்றனர். சம்பானிலிருந்து கரைக்குத் தாவுபவன் சம்பானைப் பின்னே தள்ளிவிடுகிறான் அன்றோ? தோட்டாவும் அவ்வாறே. தோட்டாவின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, வந்த தொகையைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி எவ்வளவு விரைவாகப் பின்னோக்கி வருமென்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். வெடிமருந்தின் ஆவி முன்னே பாய்வதால் இன்னும் சிறிது கூடும். இதனைக் கணக்குதைப்பு எனலாம்.

ஆனால் கை உணர்வது இக்கணக்கை மட்டுமன்று. குழல் கைக்கு மேலே அமைந்திருப்பதால் உதைப்பு நேராகப் பின்னே வராமல் முகப்பை மேலே தூக்குகிறது. குழலுக்கும் கைக்கும் இடையிலுள்ள உயரம் மிகுந்தால் தூக்கலும் மிகும். நெம்புகோலின் விதி இது. பிடி ஒடுங்கியிருந்தால் அதே விசை கட்டைவிரலின் கவட்டில் சிறிய இடத்தில் விழுந்து வலிக்கும். அகன்றிருந்தால் உள்ளங்கை முழுவதும் பரவி மெத்தென்றாகும். மரப்பிடியினும் ரப்பர்ப்பிடி இதமாயிருப்பதற்கும் இதுவே காரணம். குறுகிய குழலில் வெடியோசையும் தீப்பிழம்பும் முகத்தருகே எழும். புதியவன் அதற்கே திடுக்கிட்டு, சுடுவதற்கு முன்பே கையை ஆட்டிவிடுவான். குறி தவறுவதற்குத் துப்பாக்கி உதைப்பதைவிட, உதைக்கப் போகிறது என்னும் அச்சமே பெருங்காரணம் என்பதைப் பயிற்சி அளிப்போர் அனைவரும் அறிவர். ஆகவே ஒரே குண்டைச் சுடும் இரு துப்பாக்கிகள் இரு வேறு கையுதைப்பைத் தருவதில் வியப்பில்லை.

இதனை விளக்கப் பிரிட்டிஷ் பேரரசின் சுழல் துப்பாக்கிகளே போதும். 1915இல் படையில் சேர்க்கப்பட்ட வெப்லி ஆறாம் மாதிரி 0.455 அங்குல வாயுடையது. எடை ஏறக்குறைய 1.1 கிலோ. அதன் குண்டு 17 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 185 மீட்டர். முந்திய வெப்லிகளின் பிடி பறவைத் தலைபோல் வளைந்திருந்தது; சுடும்போது துப்பாக்கி உள்ளங்கைக்குள் உருண்டு மேலெழும். ஆறாம் மாதிரியில் பிடியைச் சதுரமாக்கி நீட்டினர். கைக்கு நல்ல பற்று கிடைத்தது. குண்டின் பருமை குறையாமலே வடிவத்தால் உணர்வை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

முதல் உலகப் போர் முடிந்ததும் படைத்துறையினர் வேறு வழியிற் சிந்தித்தனர். பெரிய வெப்லியால் நன்கு சுடுவதற்கு நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. போர்க்காலத்தில் அவசரமாகத் திரட்டப்படும் ஆட்களுக்கு அத்தனை நாள் கிடைப்பதில்லை. எனவே 0.38 அங்குல வாயில் 13 கிராம் எடையுள்ள குண்டு போதுமென முடிவு செய்து, 1932இல் என்ஃபீல்டு இரண்டாம் எண் சுழல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டனர். அதன் எடை 765 கிராம் அளவே.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன்தரும். வெப்லிக்கு 17ஐ 185ஆல் பெருக்கி 1100ஆல் வகுத்தால், பின்வரும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2.9 மீட்டர். என்ஃபீல்டுக்குக் குண்டின் வேகம் சுமார் 190 மீட்டர் எனக் கொண்டு 13ஆல் பெருக்கி 765ஆல் வகுத்தால் 3.2 மீட்டர்! குண்டின் உந்தம் ஐந்திலொரு பங்கு குறைந்தது உண்மை. ஆனால் துப்பாக்கியின் எடை பத்தில் மூன்று பங்கு குறைந்துவிட்டதால், கைக்கு வந்து சேரும் வேகம் குறையவில்லை. சிறிது கூடவே செய்தது. சிறு குண்டால் பெற்ற ஊதியத்தில் ஒரு பகுதியை எடைக் குறைப்பு விழுங்கிவிட்டது. எனினும் மெலிந்த கையினரும் நீட்டிப் பிடித்து நிற்க முடிந்தது. கை தாங்க வேண்டிய மொத்த உந்தமும் குறைந்தது. படைத்துறையின் நோக்கம் நிறைவேறியதென்றே சொல்ல வேண்டும். சிறிய வாய் என்றால் சிறிய உதைப்பு என்று எண்ணுவோர் மட்டும் இக்கணக்கைக் கண்டு சற்றுத் தயங்குவர்.

பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. 0.38 என்று பெயர் கொண்ட தோட்டாக்கள் எல்லாம் ஒன்றல்ல. பிரிட்டிஷார் கொண்டது குட்டையான பழைய வகை. அமெரிக்கக் காவலர் பெரிதும் வழங்கிய 'ஸ்பெஷல்' என்பது நீண்டது. ஒன்றன் துப்பாக்கியில் மற்றதை இட்டுச் சுடலாகாது. பெயரொற்றுமை கொண்டு பொருளொற்றுமை காண்பது இலக்கணத்தில் மட்டுமன்றி இங்கும் பிழையே.

1942 ஜனவரி 11ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூரில் புகுந்தது. ஜப்பானிய அதிகாரிகளின் இடுப்பிலிருந்த நாம்பு பதினான்காம் ஆண்டு மாதிரி, தைஷோ மன்னரின் பதினான்காம் ஆட்சியாண்டான 1925ஐப் பெயரில் தாங்கியது. 8 மில்லிமீட்டர் வாய், 6.6 கிராம் குண்டு, விநாடிக்குச் சுமார் 290 மீட்டர் வேகம், 0.9 கிலோ எடை. முன்சொன்ன முறையில் வகுத்தால் உதைப்பின் வேகம் 2.1 மீட்டர்தான். பிடி நன்கு சாய்ந்து கைக்கு இசைந்தது. கைக்கு இதமான துப்பாக்கி அது. அதைப் பிடித்திருந்தவர்களின் ஆட்சி எத்தகையதென்பதைச் சயாம் மரண ரயில்பாதைக்குத் தந்தையரையும் தமையன்மாரையும் கொடுத்த தோட்டக் குடும்பங்கள் அறியும்.

பிரிட்டிஷ் படையினர் போர்க்காலத்திலேயே கையாளத் தொடங்கி, 1954இல் முறைப்படி ஏற்றுக்கொண்ட பிரௌனிங் வேறு வகையில் சிந்தித்தது. 9 மில்லிமீட்டர் குண்டின் எடை 7.5 கிராமே, ஆனால் வேகம் விநாடிக்கு 350 மீட்டரை ஒட்டியது. பெருக்கினால் என்ஃபீல்டின் உந்தத்துக்குக் குறைந்ததன்று. ஆயினும் அதன் மேற்பகுதி குழலோடு சேர்ந்து சிறிது தூரம் பின்வாங்கும். பின் குழல் தாழ்ந்து நிற்க, மேலுறை மட்டும் சுருள்வில்லை அழுத்திக்கொண்டு செல்லும். ஒரே அடியாக விழ வேண்டிய விசை சிறிது நேரத்துக்குப் பரப்பப்படுகிறது. அடிக்குப் பதில் தள்ளல் என்று இதனை வருணிக்கலாம். சுழல் துப்பாக்கியில் இவ்வசதி இல்லை. உந்தம் முழுவதும் சட்டத்தின் வழியே உடனே கையைச் சேர்ந்துவிடும்.

ஜப்பானியர் சரணடைந்தபின் நாடெங்கும் துப்பாக்கிகள் சிதறிக் கிடந்தன. காட்டுப் படையினருக்கு விமானத்திலிருந்து போடப்பட்டவை, ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றியவை என்று பலவகை. 1945 டிசம்பரில் படை கலைக்கப்பட்டபோது பலவும் ஒப்படைக்கப்பட்டன, சில புதைக்கப்பட்டன. மறுபுறம், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழரும் துப்பாக்கி பிடிக்கக் கற்றிருந்தனர். 1941 மே மாதம் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வந்தபோது தமிழன் துப்பாக்கியின் எதிரே மட்டுமே நின்றான். ஐந்தே ஆண்டுகளில் அந்நிலை மாறியிருந்தது.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் மரக்காட்டைச் சுற்றி வந்தனர். விரைந்து திரட்டப்பட்ட சிறப்புக் காவலர் ஆயிரக்கணக்கில் ஆயுதம் ஏந்தினர். அவசரமாகத் திரட்டிய ஆட்களுக்கு எளிய ஆயுதம் என்று லண்டனில் போட்ட திட்டத்திற்கு மலாயா தக்க களமாயிற்று. கருவி எவர் கைக்கும் எளிதாகிவிட்டதென்பதை ஆட்சியினர் நன்கறிந்திருந்தனர் போலும். உரிமமின்றி வைத்திருப்பவனுக்கு மரணம் என்று அவசரகால விதிகள் கூறின.

அவ்விதிக்கு இரையானோருள் தமிழர் மறக்கவியலாதவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இளமையிலேயே மலாயா வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். சம்மேளனம் 1948இல் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே அவர் பிடிபட்டார். அவர் மீதான வழக்கு ஒரு சுழல் துப்பாக்கியையும் ஆறு தோட்டாக்களையும் பற்றியது. எவரையும் சுட்டார் என்பதன்று, வைத்திருந்தார் என்பதே குற்றம். அதே மாதம் கோலாலம்பூரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசு கருணை கேட்டது, பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். முதல்நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவசரகாலக் கொந்தளிப்பை எவ்வளவு கணக்கிற் கொண்டாலும், பிடிபட்டதற்கும் தூக்கிற்கும் இடையே இரண்டு மாதங்களே இருந்தன என்பது நீதியின் நடையாகத் தோன்றவில்லை. அவரைச் சிலர் வீரரென்றும் சிலர் கலகக்காரரென்றும் இன்றும் எழுதுகின்றனர். இரு சாராரும் ஒப்புக்கொள்வது, ஆறு தோட்டாக்களில் ஒன்றும் எவர் மீதும் பாய்ந்ததாக வழக்கு இல்லை என்பதே.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. விதியின் சாரம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திற்குள் புகுந்து தங்கிற்று. கோலாலம்பூர் வட்டாரத்தைக் கலக்கிய கொள்ளைக்காரன் போத்தாக் சின், 1981 ஜூன் 11இல் அதே புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காகவே. அவன் கொலைக்கும் அஞ்சாதவன் என்பது வேறு செய்தி. 1971ஆம் ஆண்டுச் சட்டம் குற்றச் செயலின்போது சுட்டாலே மரணம் என்றது. தோட்டா எவர் மீதும் பட வேண்டுமென்பதில்லை.

இதற்கிடையே கருவி மேலும் மாறியது. மலேசியக் காவல்துறையினர் கையாளும் வால்தர் பி99இன் சட்டம் நெகிழியால் ஆனது. எஃகினும் இலேசானதாகையால் கணக்குதைப்பு கூடும். ஆனால் குழல் கைக்கு நெருங்கித் தாழ்ந்திருக்கிறது, கையின் அளவுக்கேற்பப் பிடியின் பின்பகுதியை மாற்றிக்கொள்ளலாம், சட்டமும் சிறிது நெகிழ்ந்துகொடுக்கும். ஆகவே கையுதைப்பு அஞ்சத்தக்கதாயில்லை. பல காலத்துத் துப்பாக்கிகளையும் அருகருகே வைத்து இம்மாற்றத்தைக் காண விரும்பும் ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத காவல்துறை அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லலாம். பிடிகளின் வடிவத்தை மட்டும் ஒப்பிட்டாலும் போதும்.

புடு சிறை 1996இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 2023 ஜூலை 4 முதல் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயத் தூக்கும் நீங்கிற்று. நீதிபதி இப்போது முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். தூக்கு அறவே நீங்கிவிடவில்லை.