கல்லில் பெயர், படத்தில் முகம்

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றில் பழங்கல்வெட்டு ஒன்றும் உண்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த நிசீதிகை அது என்று அக்கல்வெட்டு அறிவிக்கிறது. 1400 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அப்பெயர் அழியவில்லை. அவர் முகம் எவ்வாறு இருந்தது என்பது மட்டும் எவருக்கும் தெரியாது.

பழைய குடும்ப நிழற்படங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவற்றில் முகம் தெளிவாக இருக்கிறது, பெயர்தான் இல்லை.

1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நிழற்படக்கலை விரைவிலேயே தமிழகத்தை அடைந்தது. 1856இல் சென்னையில் நிழற்படச் சங்கம் தோன்றியது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்பவர் அரசின் சார்பில் தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படம்பிடித்தார். கட்டடங்களைப் பதிவு செய்த அக்கலை, பின்னர் ஊர்தோறும் எழுந்த ஸ்டுடியோக்களின் வழியே குடும்பங்களுக்கும் உரியதாயிற்று. அவ்வாறு எடுக்கப்பட்ட படங்களுட் பல, வீடுகள் இடிக்கப்பட்டபோதும் பாகம் பிரிக்கப்பட்டபோதும் உரிமையாளரை இழந்தன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளில் அத்தகைய படங்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன.

பெயரற்ற படமும் ஊமையன்று. பூத்தைத்த பின்னலோடு ஒரு பெண் நிலைக்கண்ணாடியின் முன் நிற்கிறாள். முகமும் பின்னலும் ஒரே படத்தில் அமைய வேண்டும் என்று வீட்டார் விரும்பியதை அக்கண்ணாடி சொல்கிறது. கண்மூடி நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர், படமெடுத்த வேளையில் உயிரோடு இல்லாதிருந்திருக்கலாம். இறந்தவரை அமர்த்திப் படமெடுக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. இறுகிய முகம் கடுமையான குணத்தைக் காட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. படம் கலங்காதிருக்க அசையாமல் இருக்கவேண்டிய காலம் அது. மேசைமேல் உள்ள நூலைக் கண்டு, அருகில் நிற்பவர் கற்றவர் என்று துணிவதும் தவறாகலாம். அந்நூல் ஸ்டுடியோவின் உடைமையாகவும் இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் சியாத்வாதம் நல்லதொரு வழிகாட்டி. ‘சியாத்’ என்னும் சொல் வெறும் ஐயத்தைக் குறிப்பதன்று. இன்ன நோக்கில் இஃது இவ்வாறு என்னும் வரையறையைக் குறிப்பது. அணிகலன்களை நோக்கினால் அக்குடும்பம் செல்வமுடையது; அவை இரவல் நகைகளாயின் அவ்வாறன்று. அப்பெண் தலைகுனிந்திருப்பதை நாணம் என்னலாம்; வெயிலின் கூச்சம் என்றும் கொள்ளலாம். எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவு பிறந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லும்வரை கற்பனை வரலாற்றுக்குத் துணையாகும். அதனை மறைத்தால் இறந்தவர்மீது ஒரு பொய்வாழ்வைச் சுமத்தியதாகும்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படத்தொகுப்புகளை எண்மமாக்கியுள்ளது. இம்முயற்சியால் படங்கள் அழியாமற் காக்கப்படும். ஆயினும் படத்தில் இருப்பவர் யார் என்பதை எந்தக் கருவியாலும் மீட்டெடுக்க இயலாது. அதனைச் சொல்லத்தக்கவர் வீட்டிலுள்ள மூத்தோர் மட்டுமே. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களை விட்டுச் சமணக் குடும்பங்கள் பல நகரங்களில் குடியேறிவிட்டன. ஊரில் எஞ்சியுள்ள பாட்டி ஒருவர் மறைந்தால், ஒரு பெட்டிப் படங்கள் ஒரே நாளில் பெயரற்றவை ஆகிவிடும்.

மகாவீர் ஜெயந்திக்கு உறவினர் ஒன்றுகூடும்போது, பரண்மேல் உள்ள பெட்டியைக் கீழே இறக்குதல் வேண்டும். மூத்தோர் சொல்லும் பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றைப் படத்தின் பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுதல் நன்று. பேனா முனையின் அழுத்தம் படத்தின் முன்புறத்தில் தழும்பாகத் தெரியும். உறுதியாகத் தெரிந்ததைத் தனியாகவும், ஊகத்தை ஊகம் என்று குறித்தும் எழுதுவதே முறை.

சந்திரநந்தி ஆசிரியரின் நோன்பை அறிந்த எவரோ ஒருவர் அதனைக் கல்லில் பொறிக்கச் செய்தார். அந்தச் சில சொற்கள் இல்லையேல் திருநாதர்குன்றில் அவர் துறந்த உயிரும், நோற்ற 57 நாளும் இன்று எவரும் அறியாதனவாகப் போயிருக்கும். பெட்டியில் உள்ள முகங்களுக்கு வேண்டியவையும் அத்தகைய சில சொற்களே.