கள்ளுக்கடை மறியல் முதல் குவார்ட்டர் பாட்டில் வரை

நம்ம குழுக்களோட வரலாறுன்னா சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் மட்டும் இல்லை. பாதிக் கதை சாராயக்கடை வாசலில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை இந்த மலரில் எழுதி வைக்கணும்னு நினைத்தேன்.

1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கி முன்னால் நின்றார்கள். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு முதன்முதலாக நம்ம சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. வருமானம் குறைந்ததால் 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, பிறகு மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் தொடங்கியது. 2003-லிருந்து சில்லறைக் கடையும் அரசுடையதே.

பக்கத்து ஆந்திராவில், நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட கையோடு சாராயத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1992-ல் அது பெரும் போராட்டமானது. 1993 அக்டோபரில் அங்கே சாராயம் தடை செய்யப்பட்டது. அதன்பின் நெல்லூர்ப் பெண்கள் தினம் ஒரு ரூபாய் சேர்த்துக் குழுக்கள் கட்டினார்கள். சாராயத்துக்குப் போன காசுதான் சேமிப்பானது. நம்ம பக்கம் 1989-லேயே தருமபுரியில் குழுக்கள் தொடங்கிவிட்டன.

இந்தக் காலத்துக்குள் குடிக்கிற விதமும் மாறிப்போச்சு. கள்ளில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத்தான் ஆல்கஹால். புளிக்கப் புளிக்கக் கொஞ்சம் கூடும். இன்றைய குவார்ட்டர் 180 மில்லி; அதில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான், இதையும் போட்டுப் பார்த்தேன். சுமார் 77 மில்லி வருது, எடையில் 60 கிராம். ஒரே தடவையில் 60 கிராம் குடித்தால் அது மிதமிஞ்சிய குடின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது, "ஒரு குவார்ட்டர்தானே"ன்னு கடை ஓரமாக நின்று மடமடவென்று குடிப்பதே ஆபத்தான அளவு.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். ஒரு குவார்ட்டர் கரைய எட்டு மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு குவார்ட்டர் போட்டவர் காலையில் வண்டி எடுத்தால் போதையோடுதான் ஓட்டுகிறார்.

"தூங்கிட்டார், விடு"ன்னு சொல்றோமே, அதில்தான் பெரிய ஆபத்து. தூங்கின பிறகும் வயிற்றில் இருக்கிறது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மல்லாந்து படுத்து வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் போய் அடைக்கும். தட்டினாலும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலமாகிறது என்றால் உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே இருங்கள். காபி, மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் போதைன்னு நினைத்து விட்டுவிடாதீர்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் இருந்தது மெத்தனால். முதலில் சாதாரணப் போதை மாதிரிதான் இருக்கும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வயிற்று வலி, மூச்சுத் திணறல், கண் மங்கல் தெரியும். போலீசுக்குப் பயந்து மறைக்காமல், என்ன குடித்தார்னு டாக்டரிடம் சொன்னால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனிக்கணும். தினமும் நிறைய குடிக்கிறவரைச் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும், சித்தம் கலங்கும். அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, மருந்தோடு நிறுத்துவதே நல்லது.

கடையைத் திறப்பதும் மூடுவதும் அரசாணையைப் பொறுத்தது. அதற்கான போராட்டம் நடக்கட்டும். ஆனால் ராத்திரி வீட்டில் அந்த மனுஷன் பக்கத்தில் இருப்பது நாம்தான். அதனால் அடுத்த குழுக் கூட்டத்தில் கடன் பேச்சுக்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்கி இதைச் சத்தமாகப் படியுங்கள், அக்கா தங்கைகளே. 108-ஐயும் அந்த அடையாளங்களையும் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.