யொக்கைச்சி: தொழிற்சாலைத் தொகுதியும் நகரக் காற்றும்

ஜப்பானின் மியே மாகாணத்தில், இசே வளைகுடாவின் மேற்குக் கரையில், துறைமுகத்துக்கும் நூற்பாலைகளுக்கும் மட்கலத் தொழிலுக்கும் பெயர்பெற்றிருந்த யொக்கைச்சி நகரம், தொழிற்சாலைகள் ஓரிடத்தில் நெருங்கிக் குவிவதால் நகரத்தின் வாயுமண்டலம் எங்ஙனம் கேடுறும் என்பதற்கும், அக்கேட்டுக்கு உத்தரவாதி யார் என்ற வினாவுக்கு நியாயஸ்தலம் எவ்விதம் விடை கண்டது என்பதற்கும் சிறந்த திருஷ்டாந்தமாகும்.

யுத்த காலத்தில் கடற்படையின் எரிபொருள் நிலையம் இருந்து, 1945இல் விமானக் குண்டுகளால் அழிந்த கடலோர நிலத்தை, 1955இல் அரசாங்கம் எண்ணெய்த் தொழிலுக்கென ஒதுக்கியது. 1959இல் இயங்கத் தொடங்கிய முதல் தொகுதியில், சுத்திகரிப்பு ஆலை பிரித்தெடுத்த நாப்தா என்னும் இலேசான எண்ணெய் குழாய் வழியே இரசாயன ஆலைகளுக்குச் சென்றது; கனத்த எண்ணெய் மின்நிலையத்தின் கொதிகலன்களில் எரிந்தது. போக்குவரத்துச் செலவின்றி ஒன்றையொன்று சார்ந்து வாழும் இந்த அண்மையே தொகுதியின் இலாபத்துக்குக் காரணம். பல புகைபோக்கிகளின் வாயுக்கள் ஒரே குடியிருப்பின்மேல் ஒன்றுகூடி இறங்குவதற்கும் அதுவே காரணமாயிற்று. மத்திய கிழக்கிலிருந்து வந்த எண்ணெயில் கந்தகம் மிகுதியாக இருந்தமையால், எரிந்தபோது கந்தக டையாக்ஸைடு பெருகியது. அது நிலக்கரிப் புகையைப் போலக் கண்ணுக்குக் கறுத்துத் தோன்றுவதன்று.

முதலில் துன்புற்றவர்கள் சுஸுக்கா ஆற்றின் மறுகரையிலிருந்த இசோசு என்னும் மீனவர் குடியிருப்பினர். வளைகுடா மீனில் எண்ணெய் வாடை வீசியதால் பிடித்த மீனும் விலைபோகாத அவ்வேழைகளின்மேல், குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் காற்று தொகுதியின் வாயுக்களைக் கொண்டுவந்து கொட்ட, முதியோரும் குழந்தைகளும் இரவெல்லாம் மூச்சுத் திணறினார்கள். மியே மாகாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஷிதா கட்சுமி, மருத்துவக் காப்புறுதிப் பதிவேடுகளைக் கொண்டு, மாசுற்ற பகுதிகளில் சுவாசகாச நோய் மிகுந்திருப்பதைப் புலப்படுத்தினார். 1965இல் நகராட்சியே நோயாளிகளைப் பதிவுசெய்து சிகிச்சைச் செலவை ஏற்க முன்வந்தது.

1962இல் இயற்றப்பட்ட புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ ஒவ்வொரு புகைபோக்கியின் வாயிலும் மாசின் செறிவை அளந்ததேயன்றி, எல்லாம் சேர்ந்து ஊராரின் நெஞ்சுக்குள் செல்லும் அளவைக் கணக்கிடவில்லை. ஆதலால் ஒவ்வோர் ஆலையும் சட்டத்துக்கு உட்பட்டிருக்க, ஊர் நோயுற்றது. பின்னர் எழுப்பப்பட்ட உயர்ந்த புகைபோக்கிகள் அண்மையில் இருந்தோரின் துன்பத்தைச் சிறிது தணித்தனவாயினும், மாசை நெடுந்தூரம் பரப்பின.

1967 செப்டம்பரில் இசோசு நோயாளிகள் ஒன்பதின்மர் ஆறு கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தனர். தம் புகைதான் நோய்க்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று கம்பெனிகள் வாதாடின. பலருடைய புகை கலந்த காற்றில் எவருடையது எது என்று பிரித்துக் காட்டும்படி, மூச்சுவிடவே இயலாத மனிதரைக் கேட்பது எத்துணைக் கொடுமை! 1972 ஜூலை 24ஆம் நாள் தீர்ப்பளித்த நீதிமன்றம், நோய்ப்பரவல் ஆராய்ச்சியைச் சாட்சியமாக ஏற்று, அருகருகே அமைந்து இயங்கும் ஆலைகள் விளைந்த தீங்குக்குக் கூட்டாகப் பொறுப்பாளிகள் என்றும், சுகாதார விளைவுகளை ஆராயாமல் அவ்விடத்தில் ஆலைகளை நிறுவியதே கவனக்குறைவு என்றும் கூறி, நஷ்டஈடு விதித்தது. ஒன்பதின்மரில் இருவர் அதற்குள் இறந்துவிட்டனர்.

அவ்வாண்டே மியே மாகாணம் செறிவை விடுத்து மொத்த வெளியேற்றத்துக்கே வரம்பு கட்டியது. 1974இல் தேசியச் சட்டமும் அவ்வழியைத் தழுவியது. கந்தகம் நீக்கும் சாதனங்கள் பெருகின. 1973ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம், வெளியிட்ட கந்தக வாயுவின் அளவுக்கேற்ப ஆலைகளிடம் கட்டணம் வசூலித்து நோயாளிகளுக்கு வழங்க வழிசெய்தது. இச்சட்டத்தின்கீழ்ப் புதிய நோயாளிகளைப் பதிவது 1988 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. முன்னரே பதிவானோர்க்கு உதவி தொடர்ந்தது.