நிற்கிற வண்டிக்குக் காசு

போகிற வண்டியை மறித்துச் சுங்கம் வாங்குவது இந்த நாட்டில் மிகப் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை ஒருவன் நிறுத்தினான் என்பதற்காகவே அவனுக்குப் பட்டப் பெயர் சூட்டிப் போற்றியிருக்கிறார்கள். முதலாம் குலோத்துங்கன் 1070 முதல் சுமார் ஐம்பது வருஷம் அரசாண்டவன். கலிங்கம் வரை படை அனுப்பி வென்றவன். அப்படிப்பட்டவனை ஜனங்கள் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அழைத்தார்கள் என்றால், அந்தச் சுங்கம் அவர்களை எவ்வளவு வருத்தியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கலிங்கத்து வெற்றி புலவர்களுக்குப் பெரிது. சந்தைக்குப் போகிறவனுக்குச் சாவடி இல்லாத பாதைதான் பெரிது.

அவனுக்குப் பின் சுங்கம் மறுபடியும் வந்துவிட்டது. நவாபு காலத்திலும் கும்பினி காலத்திலும் வழியெல்லாம் சவுக்கைகள் இருந்தன. சென்னை மாகாணத்தில் அந்த உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது 1844-ஆம் வருஷத்து ஆறாவது சட்டத்தினால். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் செப்பனிட்டு, தமிழ்நாடு சாலை மேம்பாட்டுக் கம்பெனியார் 2002-இல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியபோது, எங்கள் அனுமந்தையிலும் ஒரு சாவடி எழுந்தது. மேற்கே கழுவேலி ஏரி, கிழக்கே கடல், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் என்று ஒதுங்கிக் கிடந்த ஊர் இது. வெளியூர்க்காரர்கள் இதன் பெயரைத் தெரிந்துகொண்டது உப்பினால் அல்ல, சாவடியினால்தான்.

சாலைக்குக் கொடுக்கிற காசைப் பற்றி இங்கே நான் வழக்காட வரவில்லை. சாலை கண்ணுக்குத் தெரிகிறது; குழி விழுந்தால் கேட்பதற்கு ஒரு கம்பெனியின் பெயராவது தெரிகிறது. நான் சொல்ல வந்தது வேறொரு காசைப் பற்றி. வண்டி எங்கும் போகவில்லை, சும்மா நிற்கிறது. அந்த நிற்பதற்குக் காசு.

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் மாதச் சாமான் வாங்கத் தெற்கே புதுச்சேரிக்குப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே ஒரு பெரிய பல்பொருள் அங்காடி. துவரம் பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கலாம் என்று ஸ்கூட்டரை நிறுத்தினேன். காக்கிச் சட்டை போட்ட ஒரு பையன் சீட்டைக் கிழித்துக் கொடுத்து இருபது ரூபாய் கேட்டான். சீட்டின் பின்புறம் எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து. வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. சீட்டைத் தொலைத்தால் இருநூறு ரூபாய் அபராதம்.

"ஏன் தம்பி, வண்டி காணாமல் போனால்?" என்று கேட்டேன்.

"அதுக்கு நாங்க பொறுப்பில்லைங்க, சார்."

"அப்படியானால் காசு எதற்கு?"

"நிறுத்தினதுக்கு, சார்."

பையன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் ஏதோ ஒரு குத்தகைக்காரனிடம் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவன். ஆனால் அவன் சொன்ன பதில் இந்த நாட்டுக்குப் புதிது. நிறுத்துவதற்குக் காசு வாங்குவது புதிதல்ல. வாங்கிக்கொண்டு பொறுப்பில்லை என்பதுதான் புதிது.

மரக்காணத்து உப்பு வெளியே போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தண்ணீர் வழி. வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. படகில் ஏற்றினால் உப்பு சென்னைக்குப் போய்ச் சேரும். இன்னொன்று மாட்டு வண்டி; அது மேற்கே சந்தை ஊர்களுக்கு. என் பெரியப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் உப்பு வண்டி ஓட்டியவர். இரவு முழுவதும் வண்டி ஓட்டி விடியற்காலம் சந்தை ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், நேரே வண்டிப்பேட்டையில்தான் அவிழ்ப்பாராம். பேட்டைக்காரனுக்கு அணாக் கணக்கில் காசு. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாட்டுக்குத் தொட்டித் தண்ணீர். புளிய மரத்து நிழல். லாடம் கழன்றிருந்தால் அடிக்கப் பேட்டை வாசலிலேயே ஆள். மழை வந்தால் மூட்டையை இழுத்துப் போட ஒரு கொட்டகை. உப்பு வண்டிக்காரனுக்கு மழையைவிடப் பெரிய திருடன் கிடையாது அல்லவா? இரவில் ஒரு காவல்காரன், கையில் அரிக்கன் விளக்கோடு.

"துட்டு வாங்கினவன் தூங்கக் கூடாதுப்பா" என்பார் பெரியப்பா. "நாம தூங்கறதுக்குத்தானே அவனுக்குத் துட்டு."

சட்டம் படித்தவர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்துச் சட்டமும் இதே வழியில்தான் நினைத்தது. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று ஜில்லா முனிசிபாலிடிகளுக்கு, மற்றொன்று ஸ்தல போர்டுகளுக்கு. சாக்கடை, விளக்கு, சந்தை, சுடுகாடு என்று ஊர் வாழ்க்கையின் சகல அம்சங்களையும் பேசுகிற அந்தச் சட்டங்களில் வண்டிப்பேட்டைக்கும் இடம் உண்டு. ஊராட்சி தானே பேட்டை வைத்து அதற்குக் கட்டணம் வாங்கலாம். தனியார் ஒருவர் தம் சொந்த நிலத்தில் பேட்டை வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு நிபந்தனைகள் உண்டு: மேற்பார்வைக்கு இடம் கொடுக்க வேண்டும், சுத்தமாக வைத்திருக்க வேண்டும். நிலம் உன்னுடையதுதான், அதற்காக ஊரார் வண்டியை நிறுத்திக் காசு வாங்குவது உன் சொந்த விவகாரம் ஆகிவிடாது என்பது இதன் சாரம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஊராட்சிச் சட்டங்களும், 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் உட்பட, வண்டிப்பேட்டையை மறக்கவில்லை. மாடுகள் போய்விட்டன, சட்டத்தில் பேட்டை மட்டும் நிற்கிறது.

மோட்டார் வந்த பிறகு சங்கதி வேறு விதமாகப் போயிற்று. அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் 1935 ஜூலை 16 அன்று தெருவோரத்தில் ஒரு கம்பத்தை நட்டு அதன் வாயில் ஐந்து சென்ட் நாணயத்தைப் போடச் சொன்னார்கள். நிறுத்துமிடத்துக்குக் காசு வாங்கும் முதல் இயந்திரம் அது. கடைத்தெருவில் காலையில் நிறுத்திய காரைச் சாயங்காலம்தான் எடுத்தார்கள் என்றால், சாமான் வாங்க வருகிறவனுக்கு ஏது இடம் என்ற கடைக்காரர்களின் முறையீட்டினால் பிறந்தது. ஆக, காசின் நோக்கம் காவல் அல்ல, விரட்டுவது. 'சீக்கிரம் எடுத்துக்கொண்டு போ' என்பதற்கு அடையாளமே அந்த நாணயம். பேட்டைக் காசுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. குணம் நேர் எதிர்.

நம் ஊர் அங்காடிகள் இரண்டு குணத்திலும் தமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டன. அங்காடியின் நிறுத்துமிடம் அதன் உரிமையாளர் மனமுவந்து கொடுத்த தானமல்ல. பெரிய கடை கட்ட வேண்டுமானால் இத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்பது கட்டட விதி. 2019-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் அது இருக்கிறது. இடத்தை வரைபடத்தில் காட்டித்தான் கட்டட அனுமதி வாங்குகிறார்கள். காட்டி வாங்கிய இடத்தை மறுநாளே விற்பனைச் சரக்காக்கினால், ஊரை ஏமாற்றியதாகாதா?

இந்தக் கேள்விதான் கோர்ட்டுகளுக்குப் போயிற்று. குஜராத் உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில், மால்களுக்கு இப்படிக் கட்டணம் வாங்க உரிமை இல்லை என்றது. அதற்கு முன்பே 2018 மார்ச்சில் தெலங்கானா சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. முதல் அரை மணிக்குக் காசு கிடையாது. அதற்கு மேல் ஒரு மணி வரை சாமான் வாங்கிய பில்லைக் காட்டினால் காசு கிடையாது. அதற்கும் மேலானால் பில் தொகை நிறுத்தக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருந்தால் காசு கிடையாது. கடைக்கு வந்தவன் யார், கடையைச் சாக்கிட்டு வண்டியைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவன் யார் என்று பிரித்துப் பார்த்த உத்தரவு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. கேரள உயர் நீதிமன்றத்தில் கொச்சி மால் ஒன்றைப் பற்றிய வழக்கு வேறு விதமாக முடிந்தது. 2022-இல் கட்டணம் வாங்குவது முறையல்ல என்று முதல் பார்வையில் சொன்ன நீதிமன்றம், 2025-இல் நகராட்சியின் லைசென்ஸ் இருந்தால் வாங்கலாம் என்று தீர்த்தது. கடைக்காரர்களுக்கு வெற்றிதான். ஆனால் கவனியுங்கள்: லைசென்ஸ் என்ற சொல் திரும்பி வந்துவிட்டது. 1920-ஆம் வருஷத்து வண்டிப்பேட்டைக்காரன் நின்ற அதே இடம்.

இனி, சீட்டின் பின்புறத்து எறும்பு எழுத்துக்கு வருவோம். லண்டனில் 1964-இல் ஒருவர் தானியங்கி நிறுத்துமிடத்தில் காரை விட்டார். இயந்திரம் சீட்டைத் துப்பிற்று. திரும்பி வந்து காரை எடுக்கும்போது விபத்தில் காயம்பட்டார். காயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று உள்ளே ஒரு தூணில் ஒட்டியிருக்கிறோமே என்றார்கள் உரிமையாளர்கள். 1970 டிசம்பரில் டென்னிங் பிரபுவும் சக நீதிபதிகளும் அந்த வாதத்தைத் தள்ளினார்கள். காசு போட்டுச் சீட்டு வந்த பிறகு யாரும் இயந்திரத்தோடு பேரம் பேச முடியாது. முன்கூட்டித் தெளிவாகச் சொல்லாத ஷரத்து அவனைக் கட்டாது என்பது தீர்ப்பு.

நம் நாட்டில் இதற்கு நிகரானது டில்லி தாஜ்மகால் ஹோட்டல் வழக்கு. 1998 ஆகஸ்ட் 1 இரவு, விருந்தாளி ஒருவர் தம் மாருதி ஜென் காரின் சாவியை ஹோட்டல் சிப்பந்தியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறொருவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சீட்டில் 'உங்கள் பொறுப்பில்' என்ற வாசகம் இருந்தது. 21 வருஷம் கழித்து, 2019 நவம்பர் 14 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த வாசகம் ஹோட்டலைக் காப்பாற்றாது என்றது. பொருளை ஒப்படைத்துக்கொண்டவன் தன் சொந்தப் பொருளைப் போல் அதைக் காக்க வேண்டும் என்று 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. தன் கவனக்குறைவை ஒரு துண்டுச் சீட்டினால் துடைத்துக்கொள்ள முடியாது. 'துட்டு வாங்கினவன் தூங்கக் கூடாது' என்பதை உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு இவ்வளவு காலம் ஆயிற்று. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. அந்த வழக்கில் சாவி கை மாறியது. வண்டியை நாமே நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனால், ஒப்படைத்தோம் என்று நிரூபிப்பது அவ்வளவு சுலபமல்ல.

இருநூறு ரூபாய் அபராதம்? அபராதம் போடுவது சர்க்காரின் காரியம். கடைக்காரன் கேட்கக்கூடியது நஷ்ட ஈடு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, சீட்டில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான தொகைதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. இங்கிலாந்து இந்த விஷயத்தில் கடைக்காரர் பக்கம் சாய்ந்தது. செம்ஸ்ஃபோர்டு நகரத்துக் கடை வளாகம் ஒன்றில் இரண்டு மணி நேரம் இலவசம். 2013-இல் 56 நிமிஷம் கூடுதலாக நிறுத்தியவரிடம் 85 பவுன் கேட்டார்கள். 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கேட்டது சரிதான் என்றது. அறிவிப்புப் பலகைகள் பெரிதாக, பல இடங்களில் இருந்தன என்பதும் தீர்ப்புக்கு ஒரு காரணம். ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். என் வோட்டு அவருக்குத்தான். ஆனால் அதே நாட்டில் 2012 முதல் தனியார் நிலத்தில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பூட்டுப் போடுவது சட்ட விரோதம். காசு கேட்கலாம், வண்டியைச் சிறைபிடிக்கக் கூடாது.

எங்கள் ஊர்க்காரர் என்ன செய்வது? முதலில் சீட்டையும் கடை பில்லையும் பத்திரப்படுத்த வேண்டும். வாசல் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய நுகர்வோர் சட்டத்தில் கடை இருக்கும் ஊரில் போய் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம், புகார் செய்கிறவர் குடியிருக்கும் ஜில்லாவிலேயே போடலாம் என்கிறது. புதுச்சேரிக் கடையைப் பற்றி அனுமந்தைக்காரர் விழுப்புரம் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் பத்து ரூபாய் செலவழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த நகராட்சியிடம் இரண்டு கேள்வி கேட்பது நல்லது. வரைபடத்தில் எத்தனை வண்டிக்கு இடம் காட்டினார்கள்? காசு வாங்க லைசென்ஸ் கொடுத்திருக்கிறீர்களா? முப்பது நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.