வாயுவால் இயங்கும் ரைஃபிள்: குழல் துளையின் வரலாறு

ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் பெரும்பாலானவை வெடிமருந்து வாயுவின் அழுத்தத்தால் இயங்குகின்றன. குண்டைத் தள்ளிச் செல்லும் வாயுவில் சிறு பகுதி, குழலில் இட்ட துளை வழியாகப் பிரிந்து ஓர் உந்துதண்டைப் பின்னே தள்ளுகிறது. அந்த அசைவே வெற்றுக்கூட்டை வெளியேற்றிப் புதிய தோட்டாவை உள்ளே கொண்டுவருகிறது. இன்று எளிமையாகத் தோன்றும் இந்தத் துளையை ஏற்கச் சில நாட்டுப் படைகள் நெடுங்காலம் தயங்கின.

தொடக்கம்

ஹைரம் மாக்சிம் 1884 இல் உருவாக்கிய இயந்திரத் துப்பாக்கி பின்னுதைப்பால் இயங்கியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பிரவுனிங் வேறு வழியை நாடினார். சுடும்போது குழல்முனையிலிருந்து வெளியேறிய வாயு அருகிலிருந்த புற்களை அசைத்ததைக் கண்டு, வீணாகும் அந்த ஆற்றலைப் பயன்படுத்த 1889 இல் அவர் முனைந்ததாகக் கூறப்படுகிறது. அம்முயற்சி 1895 ஆம் ஆண்டு கோல்ட் இயந்திரத் துப்பாக்கியாக வளர்ந்தது. பிரான்சின் ஹாட்ச்கிஸ் இயந்திரத் துப்பாக்கியும், மெக்சிகோவின் மான்ட்ராகன் ரைஃபிளும் குழல் துளையையே பயன்படுத்தின.

துளை பற்றிய அச்சம்

துளையிட்டால் குழல் விரைவில் தேயும், துளையில் கரி அடையும் என்று படை அதிகாரிகள் சிலர் கருதினர். இதற்கு மாற்றாக வந்ததே முனைப்பொறி முறை. டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் பாங் இதில் முன்னோடி. இம்முறையில் குழலில் துளை இல்லை. குழலின் முனையில் ஒரு மூடி பொருத்தப்படும். குண்டு மூடியின் துளை வழியே வெளியேறும். பின்தொடரும் வாயு மூடிக்குள் ஒருகணம் சிக்கி உந்துதண்டை இயக்கும்.

காரண்ட் ரைஃபிள்

கனடாவில் பிறந்த ஜான் காரண்ட், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் வடிவமைத்த எம்1 ரைஃபிளை அந்நாட்டுப் படை 1936 இல் ஏற்றது. அதன் முதல் வடிவம் முனைப்பொறி முறையில் அமைந்தது. பயன்பாட்டில் குறைகள் தெரிந்தன. மூடிக்குள் கரி சேர்ந்தது. அதைத் துடைப்பது கடினம். மூடியும் வாயு உருளையும் தனி உறுப்புகள் என்பதால் அவை தளர இடமிருந்தது. குண்டு செல்லும் கோட்டிலிருந்து மூடி விலகினால், குண்டு அதில் உரசும் ஆபத்தும் இருந்தது. முன்குறியும் துப்பாக்கிக் கத்தியும் அதே பகுதியைச் சார்ந்திருந்ததால், தளர்ச்சி குறிபார்ப்பையும் கெடுத்தது.

ஏறத்தாழ 50,000 ரைஃபிள்கள் உருவான பின், 1940 இல் வடிவம் மாற்றப்பட்டது. குழல் முன்னே நீட்டப்பட்டு, முனைக்கு அருகே அடிப்பக்கத்தில் சிறு துளை இடப்பட்டது. வாயு உருளையின் துளை இதற்கு நேராக நிற்க வேண்டும். இல்லாவிடில் போதிய வாயு உந்துதண்டைச் சேராது. ஆகவே உருளை திரும்பாதபடி குழலின்மேல் நீளவாக்கில் வரம்புகள் வெட்டப்பட்டன. முன்புறத்தில் ஒரு பூட்டு உருளையை இறுக்கிப் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் பெருமளவில் பயன்பட்டது இவ்வடிவமே. பழைய ரைஃபிள்களில் பெரும்பாலானவை புதிய முறைக்கு மாற்றப்பட்டதால், மாறாமல் எஞ்சியவை இன்று அரிய சேகரிப்புப் பொருள்கள்.

ஜெர்மனியின் அனுபவம்

ஜெர்மன் படையும் குழலில் துளை கூடாது என்று நிபந்தனை விதித்தது. அதன்படி வந்த ஜி41 ரைஃபிள்கள் முன்பக்கம் கனத்து, கரியால் எளிதில் அடைபட்டன. சோவியத் படையின் எஸ்விடி-40 ரைஃபிளின் துளைமுறையைப் பின்பற்றி, 1943 இல் ஜி43 உருவானது.

பிற்காலம்

துளையை ஏற்றதோடு சிக்கல் முடிந்துவிடவில்லை. துளைக்கு வரும் அழுத்தம், துளையின் இடத்தையும் அளவையும் மட்டுமன்றி வெடிமருந்தையும் பொறுத்தது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த எம்16 ரைஃபிளுக்கு 1960களில் வேறு வகை வெடிமருந்து வழங்கப்பட்டபோது, துளையில் அழுத்தம் கூடி இயக்க வேகம் மிகுந்தது. துப்புரவுக் கருவிகளின் பற்றாக்குறையும், குரோமியப் பூச்சில்லாத தோட்டா அறையில் ஏற்பட்ட துருவும் இதனுடன் சேர்ந்தன. வியட்நாமில் சண்டையின் நடுவே ரைஃபிள்கள் அடைபட்டு வீரர்கள் உயிரிழந்தனர். 1967 இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்துப் படை நிர்வாகத்தைக் கண்டித்தது. குழல், துளை, வெடிமருந்து ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பாகக் கருத வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.