தேவரும் குருமாரும்: பண்டைய நோர்ஸ் சமயச் சான்றுகளின் வர்க்கப் பின்னணி

ஸ்கண்டிநேவிய மக்களின் கிறித்தவத்துக்கு முந்திய சமயத்தை ஆராயப் புகுவோர் தொடக்கத்திலேயே ஒரு முரண்பாட்டை எதிர்கொள்வர். அச்சமயத்துக்கு வேதநூல் இல்லை. ரூனிக் எழுத்துச் சாசனங்கள் மிகச் சுருக்கமானவை. ஒடின், தோர், பிரேய்ர் ஆகிய தேவரைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பெரும்பாலானவை மதமாற்றத்தின் பின்னர் கிறித்தவரால் எழுதப்பட்டவை. எழுதியோருட் கணிசமானோர் திருச்சபையின் குருமார். தாம் வீழ்த்திய தேவரின் வரலாற்றைக் குருமார் எழுதியதேன்? பழைமையில் ஐஸ்லாந்தருக்கிருந்த பற்றே இதற்குக் காரணமென்பர் சிலர். பற்றுக்கும் சமூக அடிப்படை உண்டென்பதால் இவ்விடை எமக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

குருமார் யாவரும் ஒரே நோக்குடன் எழுதினாரல்லர். 1070களில் ஹம்பேர்க்–பிறேமன் பேராயர்களின் வரலாற்றை எழுதிய பிறேமன் ஆதாம், சுவீடனின் உப்சாலாவில் மூன்று தேவரின் உருவங்களைக் கொண்ட கோயில் இருந்ததென்றும், ஒன்பது ஆண்டுகளுக்கொருமுறை அங்கு மனிதரும் விலங்குகளும் பலியிடப்பட்டனரென்றும் கூறுகிறார். அவர் இதனை நேரிற் காணவில்லை. பிறர் வாய்க் கேட்டு எழுதினார். வடபுலம் முழுவதன்மீதும் ஆன்மீக அதிகாரம் கோரிய ஒரு பீடத்தின் ஊழியர் அவர். புறச்சமயத்தின் கொடூரம் பெருகுமளவுக்கு அப்பீடத்தின் பணியும் இன்றியமையாததாகும். 1200ஐ அண்டி டென்மார்க்கில் லத்தீனில் எழுதிய சக்ஸோ, தேவரை மக்களை ஏமாற்றிய மாயவித்தைக்காரராக்கினார். அவரும் லுண்ட் பேராயர் அப்சலோனின் ஆதரவில் எழுதியவரே.

ஐஸ்லாந்தின் நிலை முற்றிலும் வேறு. ஏறத்தாழ 870 முதல் 930 வரை குடியேற்றம் நிகழ்ந்த அந்நாட்டில் அரசன் இல்லை. ‘கோதி’ எனப்பட்ட தலைவர்களே சட்டப் பேரவையாகிய அல்திங்கில் ஆதிக்கஞ் செலுத்தினர். இச்சொல் தேவரைக் குறிக்கும் சொல்லினடியாகப் பிறந்தது. பலிச் சடங்கும் உலகியல் அதிகாரமும் ஒரே கையில் இருந்தமையை அது காட்டுகிறது. 999 அல்லது 1000ஆம் ஆண்டில் மதமாற்றத்தைத் தீர்மானித்தவரும் ஒரு கோதியே. புறச்சமயத்தவராயிருந்த சட்டமுரைப்போன் தோர்கெய்ர், ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் மௌனமாகக் கிடந்து, பின்னர் எல்லோரும் ஞானஸ்நானம் பெறவேண்டுமெனத் தீர்ப்பளித்தார். குழந்தைகளை வெளியே கைவிடுதலும் குதிரையிறைச்சி உண்ணுதலும் பழைய சட்டப்படியே அனுமதிக்கப்பட்டன. சாட்சிகள் இல்லாதவிடத்து மறைவிற் பலியிடலாம் என்பதும் ஏற்கப்பட்டது. சில ஆண்டுகளில் நீக்கப்பட்ட இச்சலுகைகளுள் முதலிரண்டும் வறிய நிலத்திற் குடும்பத்துக்கு உணவு தேடும் பிரச்சினையோடு தொடர்புடையன என்பது மனங்கொள்ளத்தக்கது. இறையியல் ஐயம் எதனையும் இங்கே காண்பதற்கில்லை.

இச்செய்தியை எமக்குத் தருபவர் ஆரி தோர்கில்சொன் என்னும் குருவானவர். 1122க்கும் 1133க்கும் இடையில் அவர் எழுதிய ‘ஐஸ்லாந்தர் நூல்’ இரு ஆயர்களுக்கும் சைமுண்டுர் என்ற கற்றறிந்த குருவுக்கும் காட்டப்பட்ட பின்னரே இன்றைய வடிவைப் பெற்றது. அந்நூலின் இறுதியில் ஆரி தம் வம்சாவளியைத் தருகிறார். அதன் தொடக்கத்தில் நிற்போர் இங்வி, நியோர்த், பிரேய்ர்! தேவர் இங்கே அரசராகி ஒரு குருவானவரின் மூதாதையராயினர். அவர்களை இழந்தால் ஆரி இழப்பது தம் குலப்பெருமையையே.

இதற்கு உறுதியான பொருளாதாரத் தளம் ஒன்று இருந்தது. 1097 அளவில் தசமபாகச் சட்டம் இயற்றப்பட்டது. வரி ஆயருக்கும் குருவுக்கும் தேவாலயத்துக்கும் வறியோருக்குமென நான்காகப் பிரிக்கப்பட்டது. தேவாலயங்களோ தலைவர்களின் பண்ணைகளில் அவர்களாலேயே கட்டப்பட்டவை. எனவே குருவின் பங்கும் தேவாலயத்தின் பங்கும் பண்ணையுடையவரின் கட்டுப்பாட்டிலேயே இருந்தன. கோதிகள் பலர் தாமே குருப்பட்டம் பெற்றனர். பலிச் சடங்கை நடத்திய குடும்பம் பூசைக்கு மாறிற்று, நிலம் கைமாறவில்லை. 1190இல் நீதரோஸ் பேராயர் கோதிகளுக்குக் குருப்பட்டம் வழங்குவதைத் தடைசெய்யும்வரை இந்நிலை நீடித்தது; தேவாலயச் சொத்துக்கள் பற்றிய பிணக்கு 1297 வரை தீரவில்லை.

ஸ்னொறி ஸ்டூர்லுசொன் (1179–1241) குருவானவரல்லர். ஆயினும் அவர் வளர்ந்தது, சைமுண்டுரின் பேரன் யோன் லொப்ட்சொன் ஆண்ட ஒட்டி என்னும் பண்ணையிலே. 1220 அளவில் அவர் ஆக்கிய ‘எட்டா’ ஒரு யாப்பு நூலாகும். நேரடிப் பெயரை விடுத்துப் புராணக் கதையாற் பொருளைச் சுட்டும் வழக்கு அரசவைக் கவிதையின் உயிர்நாடி. கதை மறந்தால் அக்கவிதை விளங்காது. நோர்வே மன்னரைப் புகழ்ந்து பரிசும் செல்வாக்கும் பெறுவதற்கு ஐஸ்லாந்துத் தலைவரிடமிருந்த கருவிகளுள் இக்கவிதையும் ஒன்று. நூலின் முகவுரை தேவரை ஆசியாவிலிருந்து, திரோய் நகர் வழியாக வந்த மானிடர் என விளக்கித் திருச்சபையுடன் சமரசஞ் செய்துகொள்கிறது.

1643இல் ஸ்கால்ஹொல்ட் ஆயர் பிரின்யோல்பூர், 1270களில் எழுதப்பட்ட பழம்பாடற் சுவடியொன்றைப் பெற்றபோது, அதன் பாடல்களைச் சைமுண்டுருக்கு உரியனவாகக் கொண்டார். அது தவறு, ஆயினும் புறச்சமயப் பாடல்களைக் குருவானவரொருவரின் ஆக்கமாகக் கருதுவதில் அவருக்கு எவ்விதச் சங்கடமும் இருக்கவில்லை! 1662இல் டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்ட அச்சுவடி 1971இலேயே ஐஸ்லாந்துக்கு மீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேசிய ரொமான்டிசவாதிகள் இப்பாடல்களில் இனத்தின் தூய ஆன்மாவைக் கண்டனர். பின்னர் நாசிகள் அதனை எவ்வாறு பயன்படுத்தினரென்பது யாவரும் அறிந்ததே.

இந்நூல்களில் முதன்மை பெறுபவன் ஒடின்: அரசர்க்கும் போர்வீரர்க்கும் கவிஞர்க்கும் உரிய தேவன். ஆனால் ஐஸ்லாந்தின் இடப்பெயர்களில் அவனைக் காண்பதரிது. இடப்பெயர்களிலும் மக்கட்பெயர்களிலும் நிறைந்திருப்பவன் தோர். பண்ணையடிமைகளும் கூலிப்பெண்களும் அவனிடம் யாது வேண்டினரென்பதைத் தோலில் எழுதி வைப்பார் இருக்கவில்லை. கன்றின் தோலும் எழுத்தறிவும் நிலமுடையோரிடமே இருந்தன. டென்மார்க்கின் திரெண்ட்கோர்டனில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மாக்கல் அச்சொன்று கிடைத்துள்ளது. பெயரறியாத கம்மியன் ஒருவன் அந்த ஒரே கல்லில் சிலுவையையும் தோரின் சுத்தியலையும் அருகருகே குடைந்து, இரு சமயத்தவருக்கும் பதக்கங்கள் வார்த்திருக்கிறான்.